மூன்றாவதாக வெட்டுப்படுகிறவன்

யானைக்கல் தரைப்பாலத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கு
லாரித் தண்ணீர் ஊற்றி
மழை பெய்த ரோடு செய்திருந்தார்கள்.
ஜெனரேட்டர் சத்தத்தில்
வைகைக் கோரைக்குள் கொக்குகள்
எழும்பி எழும்பி உட்கார்ந்தன.

எனக்குப் பேர் கிடையாது.
சம்பளத் தாளில் 'பச்சைக் கைலி'.
தொள்ளாயிரம் ரூபாய், புரோட்டா ரெண்டு.
ரத்தம் பட்ட கைலியைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

அரிவாள் ரப்பர்தான்.
"பாத்துக்க சோணை,
பச்சப்புள்ள வாயில வச்சுக் கடிக்கலாம்" என்று
மாஸ்டர் என் கையில் தந்தார்.
வளைத்தேன், வளைந்தது.
கை நம்பிவிட்டது.
முதுகு நம்பவில்லை.

கண்ணை அகல விரி, கையைத் தூக்கு, அலறு.
சொல்லித்தந்தார்கள்.
எனக்கு முன்னால் வெட்டுப்பட்ட ரெண்டு பேரும்
அடிநாக்குத் தெரிய அலறிவிட்டு
ஓரமாய்ப் போய் பீடி பற்றவைத்தார்கள்.

ஆக்‌ஷன்.
பதினோரு பேர் ஓடி வருகிறார்கள்.
நான் கொட்டாவி விட்டேன்.

"தூக்கம்னா வீட்டுக்குப் போய்யா."
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
அடுத்த டேக்கிலும் தாடை தானாய்த் திறந்தது.
அதற்கடுத்ததில்
கொட்டாவியோடு
செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தேன்,
சாமி கும்பிடப் போகிறவன் மாதிரி, ஜோடி சேர்த்து.

பதினாறு வருஷம் முன்னால்
கீழமாரட் வீதி, வெங்காய மண்டி,
லோடு இறங்கும் விடிகாலை.
நாலு பேர் நடந்துதான் வந்தார்கள்,
விலை கேட்க வருகிறவர்கள் மாதிரி.
பிச்சைமணி அண்ணனும் அலறவில்லை.
"இருங்கப்பா, இந்த மூட்டைய எறக்கிக்கிறேன்" என்றார்.

சாக்கு அடுக்குக்குப் பின்னால்
வாயைப் பொத்தியிருந்தேன்.
கத்திவிடுவேன் என்று அல்ல.
கொட்டாவி.
ஒன்று முடியுமுன் இன்னொன்று,
கண்ணில் தண்ணீர் கட்டி,
காது அடைத்து,
ஏழு.
வேறெதையும் எண்ணத் தோன்றவில்லை.
வெங்காயச் சருகு பறந்துவந்து
ஈரத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

"நீ என்னய்யா பண்ணிக்கிட்டிருந்த?"
ஸ்டேஷனில் கேட்டார்கள்.
சொல்ல முடியுமா?
'மயங்கிவிட்டேன்' என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள்.
அண்ணி அதைப் படித்திருப்பாள்.

"விடுங்க சார், மங்கலாத்தான் விழுவான்."
மாஸ்டர்தான் முடித்துவைத்தார்.
வெட்டின பையன், மீசை ஒட்டினவன்,
குனிந்து என் செருப்பை எடுத்துக் கொடுத்தான்:
"அண்ணே, எதுவும் பட்டிருச்சா?"

படம் வந்தது.
ஞாயிற்றுக்கிழமை மேட்னி, தனியாகப் போனேன்.
மங்கலாக இல்லை.
மூணு செகண்ட், திரை முழுக்க என் வாய்.
சென்னையில் ஏதோ இருட்டு ரூமில்
யாரோ ஒருத்தர் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்.
"நைட் ஷிப்ட்டு போலடா!"
விசில், சிரிப்பு, ஒரு பிள்ளையின் தனிச் சிரிப்பு கடைசியாக.
என் வரிசைக் கடைசியில்
மே மாதத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தவர் மட்டும்
சிரிக்கவில்லை.

இடைவேளையில் சமோசா வரிசை.
அவர் எனக்கு முன்னால் நின்றார்.
திரும்பிப் பார்த்தார். மறுபடி திரும்பினார்.
"நீங்கதான?"
"ஆமா."
இடது கையால் காசை எடுத்தார்.
வலது கை சட்டைக்குள் சும்மா தொங்கியது.

"எனக்கு விக்கல்ங்க" என்றார்.
"அப்ப ஆரம்பிச்சது. பெரியாஸ்பத்திரில
தையல் போட்டு முடிக்கிறவரைக்கும் நிக்கல.
நர்ஸம்மா வஞ்சாங்க, ஆடாம இருய்யான்னு."

மணி அடித்தது. கூட்டம் உள்ளே போனது.
கதவு மூடியும்
உள்ளே வெட்டுகிற சத்தம் கேட்டது, இரும்பில் இரும்பு உரசுகிற மாதிரி.
"இப்படியா கேக்கும்?" என்றேன்.
"ஈரத்துணிய ஒதறுற மாதிரில்ல" என்றார்.

சில்லறை இல்லையென்று
கடைக்காரர் ரெண்டு புளிப்பு மிட்டாய் தந்தார்.
ஆளுக்கொன்று.
அவரால் பிரிக்க முடியவில்லை.
பல்லால் கடித்தார், வழுக்கியது.
வாங்கி நான் பிரித்துக் கொடுத்தேன்.